ஈறில் ரத்தமா? பல் துலக்குவதை நிறுத்தாதீர்கள்!

"டாக்டர், பல் துலக்கும்போது இடது பக்கம் ரத்தம் வந்துச்சு. அதனால அந்தப் பக்கம் பிரஷ்ஷே வைக்கிறதில்லை. இப்ப பரவாயில்லை, ரத்தம் நின்னு போச்சு!"

மூட்டு வலிக்கு மருந்து வாங்க வருகிறவர்களும், சர்க்கரைக்கு வருகிறவர்களும் போகிற போக்கில் என்னிடம் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இது. சொல்லும்போது முகத்தில் ஒரு திருப்தி வேறு, ஏதோ தாங்களே வைத்தியம் பார்த்துக் குணப்படுத்திக்கொண்ட மாதிரி!

ரத்தம் நின்றது ஈறு குணமானதால் அல்ல. அந்த இடத்தைத் தொடவே இல்லை, அதனால் கசியவில்லை. அவ்வளவுதான். தொடாமல் விட்ட இடத்தில் அழுக்கு மேலும் சேர்கிறது. ஈறு மேலும் வீங்குகிறது. சில மாதம் கழித்து அதே ஆள், "டாக்டர், இடது பக்கம் முறுக்கு கடிச்சா வலிக்குது, பல்லு ஆடுற மாதிரி இருக்கு" என்று வந்து நிற்பார்.

பல் என்றாலே நமக்குச் சொத்தைதான் ஞாபகம் வரும். ஆனால், சொத்தையே இல்லாத, வெள்ளை வெளேரென்று இருக்கிற பல்லும் ஒருநாள் ஆடி ஆடி விழும். காரணம், பல் அல்ல; அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஈறும், ஈறுக்குள் இருக்கும் எலும்பும். மரம் எவ்வளவு உறுதியாக இருந்தால் என்ன, வேரைச் சுற்றி மண் அரித்துப் போனால் சாய வேண்டியதுதானே?

அந்த மண்ணரிப்புக்கு முதல் அறிகுறிதான் பல் துலக்கும்போது எட்டிப் பார்க்கிற அந்த ரத்தம்.

ஏன் ரத்தம் வருகிறது?

நாம் காலையில் பல் துலக்கி முடித்த சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிய ஆரம்பித்துவிடும். நாக்கால் தடவிப் பார்த்தால் வழவழவென்று தெரியுமே, அதுதான். அது வெறும் சோற்றுத் துணுக்கு அல்ல. கோடிக்கணக்கான கிருமிகள் கூடு கட்டிய படலம். பல்லும் ஈறும் சேருகிற கோட்டில்தான் அதற்கு ரொம்பப் பிடித்த இடம்.

அதைத் தினமும் அகற்றினால் பிரச்னை இல்லை. விட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து சில நாட்களில் கல்லாக இறுகிவிடும். அதுதான் பற்காரை. கீழ் வரிசை முன்பற்களின் உள்பக்கம், நாக்கு படுகிற இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். சொரசொரவென்று மஞ்சளாக ஏதாவது தட்டுப்படுகிறதா? அங்கேதான் எச்சில் சுரப்பியின் வாய் இருக்கிறது. அதனால் காரை முதலில் பிடிப்பதும் அங்கேதான்.

டென்மார்க் நாட்டின் ஆர்ஹஸ் நகரில் ஹாரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்து 1965-ல் வெளியிட்டார்கள். ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் துலக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்குமே ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி ஒழுங்காகச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது!

இதில் நமக்கு இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, ஈறு கெடுவதற்கு வருடக்கணக்கு வேண்டாம், இரண்டு மூன்று வாரம் போதும். இரண்டாவது, ஆரம்பத்திலேயே கவனித்தால் அதைச் சரிசெய்ய விலை உயர்ந்த மருந்தும் வேண்டாம், சுத்தம் போதும். ஆனால் அழற்சி எலும்பு வரை இறங்கிவிட்டால் கதை வேறு. போன எலும்பு தானாக வளர்ந்து வராது.

ஆகவே, ரத்தம் கசிகிற இடத்தை ஒதுக்காதீர்கள். மிருதுவான பிரஷ்ஷால், அழுத்தாமல், அந்த இடத்தை இன்னும் கவனமாகத் துலக்குங்கள். முதல் சில நாள் ரத்தம் வரும். பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் குறைந்து நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையா? உள்ளே காரை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பல் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்.

ஆலும் வேலும் போதாதா?

"என்ன டாக்டர், சித்த வைத்தியரா இருந்துகிட்டு நீங்களே பிரஷ், பேஸ்ட்னு பேசுறீங்களே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு 'நோயில்லா நெறி' என்றே ஒரு பாடம் உண்டு. காலையில் எழுவதிலிருந்து இரவு படுப்பது வரை எப்படி நடந்துகொண்டால் நோய் அண்டாது என்பதுதான் பாடம். அதில் பல் துலக்குவதற்கும் இடம் உண்டு. ஆலும் வேலும் பற்றிய பழமொழி தெரியாத தமிழன் இல்லை. ஆலம் விழுதிலும் கருவேலம் பட்டையிலும் உள்ள துவர்ப்புச் சத்து ஈறை இறுக வைக்கும். வேம்பின் கசப்புக்குக் கிருமிகளை அடக்கும் குணம் உண்டு. குச்சியை மென்றால் எச்சில் நன்றாக ஊறும். எச்சில் பல்லுக்குப் பெரிய காவல்.

குச்சியால் துலக்குபவர்கள் தாராளமாகத் தொடரலாம். சரியாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இளம் குச்சியாக, சுண்டு விரலுக்கு மேல் தடிக்காமல் எடுங்கள். நுனியைப் பிரஷ் மாதிரி நார் நாராக ஆகும்வரை மெல்லுங்கள். பிறகு ஒவ்வொரு பல்லாக, ஈறிலிருந்து பல் நுனியை நோக்கித் தேயுங்கள். குறுக்கே 'வரட் வரட்'டென்று இழுத்தால் ஈறு கிழியும், பல் தேயும். இன்னொரு எச்சரிக்கை: கருவேலம் வேறு, கண்மாயெல்லாம் மண்டிக் கிடக்கிறதே சீமைக்கருவேலம், அது வேறு. பெயரில் 'வேலம்' இருக்கிறதென்று அதை ஒடித்து வாயில் வைக்காதீர்கள்.

குச்சிக்கு ஒரு குறையும் உண்டு. முன்பல்லின் வெளிப்பக்கத்தை அது பிரமாதமாகச் சுத்தம் செய்யும். கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்துக்கு எளிதில் எட்டாது. என்னிடம் வருகிற பெரியவர்கள் பலரை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் முன்னால் பளிச், பின்னால் காரை! அதனால்தான் நான் சொல்வது: காலையில் வேப்பங்குச்சியா, சந்தோஷம். இரவில் பிரஷ். இரண்டுக்கும் சண்டை இல்லை.

நைலான் பிரஷ் கடைக்கு வந்தது 1938-ல்தான். அதற்கு முன்பும் நம் முன்னோர் பல்லைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனால், இன்றைக்கு நாம் தின்கிற பிஸ்கட்டும் சாக்லேட்டும், நாளைக்கு நாலு தடவை குடிக்கிற சர்க்கரை போட்ட காபியும் அன்றைக்கு இல்லையே!

இரவுதான் முக்கியம்

காலையில் பல் துலக்காமல் காபி குடித்தால் வீட்டில் பெரிய குற்றம். இரவில் துலக்காமல் படுத்தால் யாரும் கேட்பதில்லை. உண்மையில் பெரிய குற்றம் இரண்டாவதுதான்!

தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். கழுவிவிட ஆள் இல்லாத வாயில், பல் இடுக்கில் இருக்கும் இட்லியும் தோசையும் ஏழு எட்டு மணி நேரம் கிருமிகளுக்கு விருந்து. அவை வெளிவிடுகிற அமிலம் பல்லை அரிக்கும். அவற்றின் கழிவு ஈறைப் புண்ணாக்கும்.

"ராத்திரி துலக்கிட்டு ஒரு டம்ளர் பால் குடிச்சா தப்பா?" என்று கேட்கிறார்கள். பாலை முதலில் குடியுங்கள். துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம். குழந்தைக்குப் பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவைக்கும் தாய்மார்களுக்கும் இதேதான். அந்தக் குழந்தைகளுக்குத்தான் முன்பல் நாலும் கறுத்து, மொட்டையாகிப் போகிறது.

துலக்கும் முறை

பிரஷ் 'சாஃப்ட்' ரகமாக இருக்கட்டும். அழுத்தித் தேய்த்தால்தான் அழுக்குப் போகும் என்பது பாத்திரத்துக்குச் சரி, பல்லுக்குச் சரியில்லை.

* பிரஷ்ஷைச் சாய்வாக, பாதி தூரிகை ஈறிலும் பாதி பல்லிலும் படுகிற மாதிரி வையுங்கள். சுத்தம் செய்ய வேண்டியது அந்தக் கோட்டைத்தான்.

* இரண்டு மூன்று பல்லாக, இருந்த இடத்திலேயே மெல்ல அசைத்து, பிறகு ஈறிலிருந்து பல் நுனியை நோக்கிச் சுழற்றி எடுங்கள்.

* வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம், இந்த மூன்றும் முடிந்தால்தான் முடிந்தது.

* மொத்தம் இரண்டு நிமிடம். ஒரு சினிமாப் பாட்டில் பாதி நேரம்தான். கடிகாரத்தைப் பார்த்துத் துலக்கிப் பாருங்கள், நீங்கள் இதுவரை எத்தனை சீக்கிரம் முடித்திருக்கிறீர்கள் என்று தெரியும்!

* கடைசியில் நாக்கை மெல்ல வழியுங்கள். ரத்தம் வருகிற அளவுக்குச் சுரண்ட வேண்டாம்.

* பிரஷ்ஷின் தூரிகை விரிந்துவிட்டால் உடனே மாற்றுங்கள். விரியாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு பிரஷ்!

எலுமிச்சை ஜூஸ் மாதிரி புளிப்பாக ஏதாவது குடித்த உடனேயோ, வாந்தி எடுத்த உடனேயோ பல் துலக்க வேண்டாம். அமிலம் பட்டு இளகியிருக்கும் பல் மேல்பூச்சைப் பிரஷ் தேய்த்து எடுத்துவிடும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

பல் இடுக்குக்குப் பிரஷ் போகாது. அதற்கென்று நூலும், குட்டிக் குட்டிப் பிரஷ்ஷும் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி, துடைப்பத்து ஈர்க்குச்சி இதெல்லாம் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு வாய் நிறையத் தண்ணீர் வைத்து, பலமாகக் கொப்பளித்துத் துப்புவது நம் வீடுகளில் இருந்த நல்ல பழக்கம். அதை விட்டுவிடாதீர்கள்.

பேஸ்ட்டா, பொடியா?

பெரியவர்களுக்கு ஃப்ளோரைடு சேர்ந்த பேஸ்ட் சொத்தையைத் தடுக்க நல்லது. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் முழுக்க நீளமாக வைக்கத் தேவையில்லை. பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்கு ஒரு அரிசி அளவுதான். விழுங்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். பல் முளைத்து உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புத் திட்டு விழும். 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்தத் தொல்லைக்காக வந்ததுதான். அந்தத் திட்டு அழுக்கு அல்ல. செங்கல் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது, பல்தான் தேயும். அங்கே குழந்தைகளுக்கு எந்த பேஸ்ட் என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மூலிகைப் பல்பொடி? அதை முதலில் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி இருந்தால் சரி. நறநறவென்றால் வேண்டாம். கரி, சாம்பல், உப்புக்கல், செங்கல் பொடி எல்லாமே பல்லின் மேல்பூச்சை அரத்தால் தேய்ப்பது மாதிரி தேய்க்கும். முதலில் வெள்ளையாகத் தெரியும், பிறகு மஞ்சள் தெரியும், பிறகு கூசும். போன மேல்பூச்சு மறுபடி வளராது. பொடியை வெறும் விரலால் தேய்ப்பவர்களுக்கு ஈறு ஓரம் சுத்தமாவதும் இல்லை.

பொடியில் புகையிலை இருக்கிறதா என்றும் பாருங்கள். பல்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை சேர்க்க மத்திய அரசு 1992-லேயே தடை போட்டுவிட்டது. அப்படியும் "பல்வலிக்கு நல்லது" என்று புகையிலையை வாயில் அதக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வலி மரத்துப் போகும். புற்றுநோய் வாசலுக்கு வரும். புகையிலை போடாத வெறும் பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. "சும்மா ரெண்டு பாக்கு" என்பதும் பழக்கமாகிவிட்டால் சும்மா இல்லை.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. புகையால் ஈறின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால், ஈறு கெட்டாலும் ரத்தம் அவ்வளவாக வராது. எச்சரிக்கை மணியே அடிக்காமல் பல் ஆட ஆரம்பித்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியது

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலா சூரணம் ஒரு டீஸ்பூன் எடுத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்க வையுங்கள். துணியில் வடிகட்டி, இளஞ்சூட்டில் ஒரு நிமிடம் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். ஈறு வீக்கத்துக்கு இரவில் துலக்கிய பிறகு இரண்டு வாரம் செய்யலாம். அன்றன்றைக்குப் புதிதாகக் காய்ச்சுங்கள். திரிபலா இல்லாவிட்டால் ஒரு டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் உப்பு போதும்.

ஆனால் ஒன்று, இது துலக்கிய பிறகு செய்வது. துலக்குவதற்குப் பதிலாக அல்ல! கல்லாக இறுகிப்போன காரையைக் கரைக்கிற கஷாயம் எதுவும் இல்லை. அப்படி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பதற்கும் இதேதான் பதில். செய்யலாம், கெடுதல் இல்லை. பிரஷ்ஷுக்கு மாற்று இல்லை. சின்னக் குழந்தைகளுக்கும், விழுங்குவதில் சிரமம் உள்ள வயதானவர்களுக்கும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

கிராம்பு எண்ணெய் வலியை மரக்க வைக்கும், சொத்தையை ஆற்றாது. ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டு, சொத்தைக் குழியில் மட்டும் வையுங்கள். ஈறில் பட்டால் வெந்துவிடும். வலி மாத்திரையைப் பல்லோரம் அதக்கி வைப்பதும் அப்படியே. ஈறு வெந்து வெளுத்துப்போன எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

யாருக்குக் கூடுதல் கவனம்?

சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு சீக்கிரம் கெடும். கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாமலும் தடுக்கும். மருந்து, உணவு எல்லாம் ஒழுங்காக இருந்தும் சர்க்கரை இறங்கவில்லையா? வாயையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கி, லேசாகப் பட்டாலே ரத்தம் வரும். "மாசமா இருக்கா, பல்லுல கை வைக்கக் கூடாது" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். கர்ப்பத்தைச் சொல்லிவிட்டால், அதற்கேற்றபடி பல் மருத்துவர் பார்த்துச் செய்வார்.

வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் போன்ற சில மாத்திரைகளால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

'ஸ்கேலிங் செஞ்சா பல்லு ஆடும்னு சொல்றாங்களே?'

அறுபதைத் தாண்டிய ஒரு ஆச்சி என்னிடம், "தம்பி, சுத்தம் பண்ணினா இருக்கிற பல்லும் போயிரும்னு பக்கத்து வீட்ல சொல்லுதாவ" என்றார். "ஆச்சி, ஏற்கெனவே ஆடுற பல்லைக் காரைதான் முட்டுக் கொடுத்துப் பிடிச்சிருக்கு. பல்லை ஆட்டி வச்சதும் அந்தக் காரைதான்" என்று சொல்லி அனுப்பினேன். போய்ச் செய்துகொண்டார். காரையை எடுத்த பிறகு இடைவெளி தெரிவதும், சில நாள் கூசுவதும் சகஜம். பல்லைச் சுரண்டுவதில்லை, பல் மேல் ஒட்டிய கல்லைத்தான் எடுக்கிறார்கள்.

'பால் பல் தானே, விழப்போறதுதானே?'

பால் பற்கள் மொத்தம் 20. அவைதான் பின்னால் வருகிற பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை. ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது விழுந்து முளைக்கும் பல் அல்ல, ஆயுசுக்கும் இருக்க வேண்டியது. அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள்.

'வைட்டமின் மாத்திரை போட்டா ரத்தம் நிக்குமா?'

வைட்டமின் 'சி' குறைவால் ஈறில் ரத்தம் வருவது உண்டு. நெல்லிக்காய், கொய்யா சாப்பிடுங்கள், நல்லது. ஆனால், பெரும்பாலோருக்குக் காரணம் அழுக்குப் படலம்தான். அதற்கு மாத்திரை இல்லை.

உடனே காட்டுங்கள்

ஈறில் ரத்தம் வருவதோடு காய்ச்சலும் இருக்கிறதா, துலக்காதபோதே தானாக ரத்தம் கசிகிறதா, உடம்பில் காரணமில்லாமல் நீலத் திட்டு விழுகிறதா? டெங்கு, ரத்த நோய் என்று வேறு காரணங்கள் இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் தங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கன்னம் வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கி, விழுங்க முடியவில்லை என்றால் கஷாயம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரிதான். இரண்டு வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வெள்ளைத் திட்டு, வாயை முழுசாகத் திறக்க முடியாமை இவற்றுக்கும் தாமதம் கூடாது.

பல் போன பிறகு பல்செட் கட்டிக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் கட்டிக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். "கறியைக் கடிச்சு எத்தனை வருஷமாச்சு, ரசஞ்சோறுதான் டாக்டர்" என்பார்கள். சாப்பாடு குறைந்தால் சத்துக் குறையும். சத்துக் குறைந்தால் நான் கொடுக்கிற எந்த லேகியமும் முழுப் பலன் தராது.

நாளைக் காலை வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும், வீட்டில் எல்லோரும், முக்கியமாகப் பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் துலக்கிவிட்டுப் படுங்கள். எந்த இடத்தில் ரத்தம் எட்டிப் பார்க்கிறதோ, அந்த இடத்துக்கு அரை நிமிடம் கூடுதல்!